நர்ஸம்மாவுக்கு நேரம் போதாதபோது யாருடைய படுக்கை விடுபடுகிறது?

அரசு மருத்துவமனைக்குப் போய்வந்த நம் மக்களிடம் பேசிப் பாருங்கள். டாக்டரைப் பற்றிய புகார் குறைவாகத்தான் வரும். அவர் காலையில் ஒருமுறை வந்து போகிறவர். புகாரெல்லாம் நர்ஸம்மா மேல்தான். "எரிஞ்சு விழுறாங்க." "கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கல." "டிரிப்ஸ் முடிஞ்சு ரத்தம் மேல ஏறுது, நாலு தடவ போய்ச் சொன்ன பொறகுதான் வந்தாங்க." பிரசவ வார்டில் இருந்து வருகிறவர்கள் சொல்வதை இங்கே எழுதவே கூசுகிறது. வலியில் கத்துகிற பெண்ணைப் பார்த்து, "பெத்துக்கிறதுக்கு முன்னாடி தெரியலையா?" என்று கேட்பதெல்லாம் அங்கே சாதாரணம்.

இந்தப் புகார்களில் பொய் இல்லை. பட்டவர்கள் சொல்கிறார்கள். ஆனால் புகாரைக் கேட்டதும் நாம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். "அந்த நர்ஸ் சரியில்லை, குணம் கெட்டவள்." அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மருத்துவமனை நிர்வாகத்துக்கும் அதுதான் வசதி. ஒரு மெமோ கொடுக்கலாம், வேறு வார்டுக்கு மாற்றலாம், கோப்பை மூடிவிடலாம். வார்டு அப்படியே இருக்கும். அடுத்து வரும் செவிலியரும் ஆறு மாதத்தில் எரிந்து விழத் தொடங்குவார்.

செவிலியரின் வேலை நிலைமையைச் செவிலியர் சங்கத்தின் கோரிக்கையாக மட்டும் விட்டுவிட முடியாது. அது நம்முடைய பிரச்சினை. வேலை நிலைமை கெடும்போது கவனிப்பு எல்லா நோயாளிக்கும் ஒரே அளவில் குறைவதில்லை. கேட்க ஆளில்லாதவருக்குத்தான் முதலில் குறைகிறது. இந்த நாட்டில் கேட்க ஆளில்லாதவர் யார் என்பதைப் பெரும்பாலும் சாதிதான் முடிவு செய்கிறது.

ஓர் இரவின் கணக்கு

இந்திய செவிலியர் கவுன்சிலின் விதிப்படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர் வேண்டும். மற்ற மருத்துவமனையில் 5 பேருக்கு ஒருவர். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர். இதற்கு மேல், விடுப்பில் போகிறவர்களை ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதல் பணியிடம் வேண்டும்.

நம் ஊர் ஜி.எச். வார்டில் இரவு போய் எண்ணிப் பாருங்கள். ஒரு செவிலியர், 40 நோயாளிகள். சில வார்டுகளில் அதற்கும் மேல். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

நைட் டூட்டி 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 720 நிமிடம். 40 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 18 நிமிடம். ஓர் இரவு முழுக்க ஒரு நோயாளிக்குக் கிடைப்பது இவ்வளவுதான்.

அந்த 18 நிமிடமும் முழுதாகக் கிடைப்பதில்லை. ஒருவருக்கு ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, காய்ச்சல் பார்த்து எழுத 5 நிமிடம். 40 பேருக்கு ஒரு சுற்று என்றால் 3 மணி 20 நிமிடம். இரவில் இரண்டு சுற்று போனால் 6 மணி 40 நிமிடம். ஊசி மருந்து உள்ளவர்கள் 25 பேர், இரவிலும் விடிகாலையிலுமாக இரண்டு வேளை. கேஸ் ஷீட்டைப் பார்த்து, பெயரைச் சரிபார்த்து, மருந்தை ஏற்றி, மெதுவாகச் செலுத்தி, பதிவு செய்ய ஒருவருக்கு 5 நிமிடம் என்றால் 4 மணி 10 நிமிடம். இரண்டையும் கூட்டினால் 10 மணி 50 நிமிடம். மிச்சம் இருப்பது ஒரு மணி 10 நிமிடம்.

அந்த ஒரு மணி 10 நிமிடத்துக்குள் புதிதாக வருகிறவரைச் சேர்க்க வேண்டும். தீர்ந்த டிரிப்ஸை மாற்ற வேண்டும். யாருக்காவது ரத்தம் ஏற்றினால் முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே நின்று ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு வாங்குகிறவரைப் பார்த்து டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். சிறுநீர்ப் பை அளவைக் குறிக்க வேண்டும். காப்பீட்டுத் திட்டத்துக்கான தாள்களை எழுத வேண்டும். இறந்தவர் இருந்தால் உடலை ஒப்படைக்க வேண்டும். சாப்பிட வேண்டும். கழிவறைக்குப் போக வேண்டும்.

இந்தக் கணக்கை எவ்வளவு சுறுசுறுப்பான செவிலியராலும் நேர் செய்ய முடியாது. ஏதோ ஒன்றை விட்டாக வேண்டும். எதை விடுவது, யாருடையதை விடுவது என்பதுதான் கேள்வி.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

உலகம் முழுக்க இதை அளந்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் லிண்டா எய்கன் குழுவினர் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சைக்கு வந்தவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. 4 பேரைப் பார்க்கும் செவிலியரையும் 8 பேரைப் பார்க்கும் செவிலியரையும் ஒப்பிட்டால் அது 31 சதவீதம். 2014 இல் ஐரோப்பாவின் 9 நாடுகள், 300 மருத்துவமனைகளில் நடந்த ஆய்விலும் அதே 7 சதவீதம்தான் வந்தது.

அந்த நாட்டுக்காரர்கள் 8 நோயாளி என்றாலே ஆபத்து என்கிறார்கள். நம் வார்டு அவர்களுடைய அளவுகோலுக்குள்ளேயே வராது.

நேரத்தைப் பற்றியும் ஆய்வு உண்டு. 2004 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, செவிலியர் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தால் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்கு. ராத்திரி கண் விழித்து, காலையில் அடுத்த ஷிஃப்ட் ஆள் வராததால் மதியம் வரை நிறுத்தி வைக்கப்படும் செவிலியரை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. நேரம் போதாதபோது செவிலியர்கள் எதை விடுகிறார்கள் என்று இங்கிலாந்தில் கேட்டார்கள். 2014 இல் முடிவு வந்தது. கடைசியாகச் செய்த ஷிஃப்டில் ஏதாவது ஒரு வேலையையாவது விட்டதாக 86 சதவீதம் பேர் சொன்னார்கள். அதிகம் விடப்பட்டது நோயாளியிடம் பேசுவதும் ஆறுதல் சொல்வதும். 66 சதவீதம் பேர் அதைச் சொன்னார்கள்.

மருந்து கொடுக்காவிட்டால் கேஸ் ஷீட்டில் தெரிந்துவிடும். பேசாவிட்டால் எந்தத் தாளிலும் தெரியாது. அதனால் பேச்சுதான் முதலில் போகிறது. "உங்களுக்கு என்ன செய்யப் போறோம்னா..." என்று தொடங்கும் அந்த இரண்டு நிமிடம்தான், நம் வீட்டுப் பெரியவரை மனிதராக மதிக்கும் நேரம். அது போய்விட்டால் மிஞ்சுவது "கையை நீட்டு", "தள்ளிப் படு", "வெளிய போ".

பற்றாக்குறை சாதி பார்க்கும்

40 பேரில் 10 பேரைத்தான் நன்றாகக் கவனிக்க முடியும் என்றால், அந்த 10 பேர் யார்?

உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிறவர்கள் சிலர். அது நியாயம். மீதி இடம் யாருக்குப் போகிறது? கவுன்சிலரிடம் இருந்து போன் வந்தவருக்கு. மருத்துவமனையில் வேலை செய்பவரின் சொந்தக்காரருக்கு. கூடவே நாலு படித்த ஆட்கள் நின்று கேள்வி கேட்கும் நோயாளிக்கு. புகார் எழுதத் தெரிந்தவருக்கு. செவிலியர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. யாரைக் கவனிக்காமல் விட்டால் தனக்குச் சிக்கல் வரும் என்று களைத்துப்போன மூளை தானாகவே கணக்குப் போட்டுவிடும்.

கூலி வேலையை விட்டுவிட்டு வந்து, வாசலில் நிற்கவே தயங்கும் நம் ஆட்கள் அந்தக் கணக்கில் கடைசி. போன் செய்ய ஆள் இல்லை. "ஏன் இன்னும் ஊசி போடல?" என்று கேட்டால் கோபம் வந்துவிடுமோ என்ற பயம். கேஸ் ஷீட்டில் முகவரியைப் பார்த்தாலே எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளில் இருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் உடுத்தியிருக்கும் துணியையும் பேசும் பேச்சையும் எந்த அரசாணை நீக்கும்?

அரசு மருத்துவமனையை விட்டால் வேறு வழி இல்லாதவர்கள் நாம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு அரசு மருத்துவமனைகளில் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. வசதி உள்ளவர் வார்டைப் பார்த்து முகம் சுளித்தால் தனியாருக்குப் போகலாம். நம் பெண்கள் அங்கேதான் பெற வேண்டும். அதனால் அங்கே ஒரு செவிலியர் குறைந்தால் இழப்பு நம் வீட்டில்தான் அதிகம்.

தொட்டுச் செய்யும் வேலைக்கு ஏன் கூலி குறைவு?

ஒரு மருத்துவமனையின் சம்பளப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் உடம்பை ஒரு நிமிடம் தொடுகிற டாக்டருக்கு அதிகம். மணிக்கணக்கில் தொடுகிற செவிலியருக்குக் குறைவு. மலம், ரத்தம், சீழ் துடைக்கிற ஆயாவுக்கும் தூய்மைப் பணியாளருக்கும் எல்லாவற்றையும் விடக் குறைவு. படிப்புக்கு ஏற்ற சம்பளம் என்று சொல்வார்கள். படிப்பு ஒரு காரணம்தான். ஆனால் உடம்பின் கழிவைத் தொடுவது தீட்டு, தீட்டான வேலையைச் செய்பவர் தாழ்ந்தவர், தாழ்ந்தவருக்குக் கொடுப்பது கூலி இல்லை, மிச்சம் என்ற பழைய கணக்கு அந்தப் பட்டியலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊரில் பிரசவம் பார்த்தவர்கள் யார்? தொப்புள்கொடி அறுத்தவர்கள் யார்? மருத்துவச்சி என்று அழைக்கப்பட்ட, ஒடுக்கப்பட்ட சாதிகளின் பெண்கள். குழந்தை பிறந்ததும் தீட்டு என்று அவர்களைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தி, நெல்லும் பழைய புடவையும் கொடுத்து அனுப்பினார்கள். நவீன மருத்துவமனை வந்தபோது, அந்நிய உடம்பைத் தொட்டுத் துடைக்கும் வேலைக்கு மேல்சாதி வீடுகள் தங்கள் பெண்களை அனுப்பவில்லை. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909 இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் இத்தகைய மிஷன் பள்ளிகளுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்கள். ஒடுக்கப்பட்ட சாதிகளில் இருந்து மதம் மாறிய குடும்பத்துப் பெண்களுக்கும் அது ஒரு கதவைத் திறந்தது.

நமக்கு வேறொரு முன்னோடியும் உண்டு. 1897 இல் புனேயைப் பிளேக் சூறையாடியபோது, சாவித்திரிபாய் பூலே நோயாளிகளைத் தன் மகன் நடத்திய சிகிச்சை இடத்துக்குக் கொண்டுவந்து பார்த்துக்கொண்டார். மகர் குடியிருப்பில் இருந்து ஒரு சிறுவனைத் தூக்கி வந்தபோது அவருக்கும் நோய் தொற்றியது. அந்த ஆண்டு மார்ச் 10 அன்று இறந்தார். தொடக்கூடாது என்று விதிக்கப்பட்ட உடம்பைத் தொட்டுத் தூக்கியது அவருடைய அரசியல். செவிலியர் வேலை அந்த மரபில் வர வேண்டியது. அதை அடிமாட்டு விலைக்கு வாங்கும் வேலையாக ஆக்கியிருக்கிறோம்.

பூவும் நோட்டீசும்

2015 இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து 7,243 செவிலியர்களை எடுத்தது. இட ஒதுக்கீட்டின்படி எடுத்த வேலை. தேர்வு எழுதித் தேறியவர்கள். ஆனாலும் ஒப்பந்தப் பணி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் பணி நிரந்தரம் என்றார்கள். ஆகவில்லை. 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். உயர் நீதிமன்றம் போராட்டத்தைக் கைவிட்டு வேலைக்குத் திரும்பச் சொன்னது. திரும்பினார்கள். ஊதியம் பிறகு 14,000 ஆனது, அதன்பின் 18,000 ஆனது. அதே வார்டில் அதே வேலை செய்யும் நிரந்தரச் செவிலியரின் சம்பளத்தில் இது பாதிகூட வராது. 'சம வேலைக்குச் சம ஊதியம்' தற்காலிகப் பணியாளருக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

கொரோனா வந்தது. 2020 மே 3 அன்று ராணுவ ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மேல் பூத்தூவின. செவிலியர்களைத் தேவதை என்றார்கள். அந்தக் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த 2,300க்கும் மேற்பட்ட செவிலியர்களுக்கு, 2022 டிசம்பர் 31 உடன் ஒப்பந்தம் முடிந்தது, இனி நீட்டிப்பு இல்லை என்று அரசு சொன்னது. புத்தாண்டில் அவர்கள் தெருவில் நின்றார்கள்.

நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு அரசு செவிலியர் வேலை என்பது வெறும் வேலை கிடையாது. ஒரு தலைமுறை ஏறும் படி. ஆடு விற்று, கடன் வாங்கி நர்சிங் படிக்க வைத்த குடும்பங்கள் எத்தனை! இட ஒதுக்கீட்டை எடுத்துவிட்டோம் என்று எந்த அரசும் சொல்லாது. இடத்தைக் கொடுத்துவிட்டு அந்த இடத்தின் மதிப்பைப் பாதியாக்கிவிடும். தொகுப்பூதியம் என்பதன் பொருள் இதுதான்.

இது வேலைத் திறனை எப்படிப் பாதிக்கிறது? பலரும் சம்பளம் குறைந்தால் ஆர்வம் குறையும் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். அதைவிடப் பெரிய பாதிப்பு வாய் மூடிப்போவது. டாக்டர் எழுதிய மருந்தின் அளவு தவறாகத் தெரிந்தால் "இது சரியா சார்?" என்று கேட்க வேண்டியவர் செவிலியர். நோயாளிக்கும் தவறான மருந்துக்கும் நடுவில் நிற்கும் கடைசி ஆள் அவர். ஒப்பந்தம் எப்போது முடியும் என்று தெரியாதவர் அந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்குவார். ஆக்சிஜன் சிலிண்டர் காலி, கையுறை இல்லை, ஆள் போதவில்லை என்று எழுதிக் கொடுக்கத் தயங்குவார். தவறு நடந்தால் மறைக்கத் தோன்றும். நிரந்தரப் பணியில் இருப்பவருக்கும் 17பி குற்றச்சாட்டுக் குறிப்பாணை பயம் உண்டு. ஒப்பந்தப் பணியாளருக்கு அந்த விசாரணை என்ற பாதுகாப்புகூட உறுதி இல்லை.

தனியார் நிலைமை இன்னும் மோசம். சிறிய நர்சிங் ஹோம்களில் சில ஆயிரம் ரூபாய்க்கு வேலை செய்யும் பெண்களில் பலர் பதிவு பெற்ற செவிலியரே கிடையாது. அங்கீகாரம் இல்லாத நிறுவனத்தில் பணம் கட்டி ஆறு மாதமோ ஒரு வருடமோ படித்த நம் தெருப் பிள்ளைகள். முறையாகப் படித்தவர்களின் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிற இடங்களும் உண்டு. 2016 இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்குச் சமமான ஊதியம் என்றது. கேரளச் செவிலியர்கள் போராடி, 2018 இல் 20,000 ரூபாய் குறைந்தபட்ச அடிப்படை ஊதியத்துக்கான அரசாணையை வாங்கினார்கள்.

மூன்று பேர், 168 மணி நேரம்

ஊர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவோம். 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க மூன்று ஸ்டாஃப் நர்ஸ் என்பது தமிழ்நாட்டின் ஏற்பாடு. நல்ல திட்டம். ஏராளமான தாய்மார்களைக் காப்பாற்றிய திட்டம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு வாரத்தில் 168 மணி நேரம். மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 56 மணி. யாரும் விடுப்பே எடுக்காவிட்டால்தான் இந்தக் கணக்கு. ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் மீதி இருவருக்கும் வாரம் 84 மணி.

அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில்தான், 1946 இல், தொழிற்சாலைத் தொழிலாளியின் வேலை நேரத்தை வாரத்துக்கு 48 மணியாகக் குறைத்த சட்டத் திருத்தம் வந்தது. அவர் 1928 இல் பம்பாய் சட்ட மேலவையில் பெண் தொழிலாளர்களின் மகப்பேறு நலச் சட்டத்தை ஆதரித்துப் பேசியவர். அதற்குப் பிறகு எத்தனை தலைமுறை! தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000 இல் சொல்லிவிட்டது. அடுத்தவர் பிரசவத்தைப் பார்க்கும் ஒப்பந்தச் செவிலியர், தன் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கேட்டு நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது.

இரவில் அந்த நிலையத்தில் ஒரு பெண் தனியாக இருக்கிறார். காவலாளி இருந்தால் உண்டு. குடித்துவிட்டு வருகிற கும்பலையும் அவர்தான் சமாளிக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு மருத்துவமனைப் பாதுகாப்பு பற்றி நாடே பேசியது. அந்தப் பேச்சில் மருத்துவர் இருந்தார். ஊர்ப்புறச் செவிலியரும், இரவில் வார்டு கழுவும் தூய்மைப் பணியாளரும் எங்கே இருந்தார்கள்?

தூய்மைப் பணியாளரை விட்டுவிட்டு இந்தக் கணக்கைப் பேசவே முடியாது. அரசு மருத்துவமனைகளில் அந்த வேலை தனியார் ஒப்பந்த நிறுவனங்களிடம் போய்விட்டது. செய்பவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். அங்கே இட ஒதுக்கீடு தேவைப்படவில்லை. சாதியே ஒதுக்கிக் கொடுத்துவிட்டது. மருத்துவமனைப் பணியாளர் இடங்கள் காலியாகக் கிடப்பதால் ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும் அவர்கள்தான், நோயாளியைத் தூக்குவதும் அவர்கள்தான். அவர்கள் ஒரு ஆள் குறைந்தால் வார்டில் ரத்தம் சிந்திய இடம் அப்படியே கிடக்கும், செவிலியர் கழிவு வாளியைத் தேடி நடப்பார், கிருமி ஒரு படுக்கையில் இருந்து அடுத்த படுக்கைக்குப் போகும். இந்தக் கோபத்தைச் செவிலியர் தூய்மைப் பணியாளர் மேல் காட்டுவதையும் நாம் பார்க்கிறோம். மேலே இருந்து வாங்கியதைக் கீழே இறக்குவது சாதி நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம்.

அப்படியானால் திட்டியது சரியா?

"வேலைப் பளு என்று சொல்லி நம்மை அவமானப்படுத்துகிறவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறாயா?" என்று தோழர்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

களைப்பு ஒருவரை எரிந்து விழ வைக்கும். ஆனால் களைத்துப்போன அதே செவிலியர் பக்கத்துப் படுக்கையில் இருக்கும் வாத்தியார் மனைவியை "அம்மா" என்றும், நம் பெண்ணை "ஏய்" என்றும் கூப்பிட்டால், அதற்குப் பெயர் களைப்பு இல்லை. அது சாதி. அதற்கு விளக்கம் தேவையில்லை, நடவடிக்கை தேவை. தீண்டாமை பார்த்து மருத்துவமனையில் அனுமதிக்க மறுப்பது 1955 சட்டத்திலேயே குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் நுழைய விடாமல் தடுப்பதை வெளிப்படையாகவே குற்றம் என்கிறது. தேவைப்படும் இடத்தில் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்துவோம்.

இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். ஆள் போட்டால் மட்டும் சாதி போய்விடாது. ஆனால் ஆள் போடாத வார்டில் சாதிக்கு எப்போதும் ஒரு சாக்கு இருக்கும். "நேரமில்லை" என்ற அந்தச் சாக்கை முதலில் பிடுங்க வேண்டும். அதன் பிறகும் யாராவது நம்மை மட்டும் தள்ளி நிறுத்தினால், அது என்ன என்பதை எல்லோரும் பார்ப்பார்கள்.

பணம் இல்லை என்பார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016 இல், பகலில் 4 நோயாளிக்கு ஒரு செவிலியர், இரவில் 7 பேருக்கு ஒருவர் என்று சட்டம் போட்டது. 2021 இல் வந்த ஆய்வு, இறப்பு குறைந்ததையும், நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதால் மிச்சமான பணம் கூடுதல் செவிலியருக்கான செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்பதையும் காட்டியது. ஆள் போடாமல் இருப்பதற்கும் செலவு உண்டு. அந்தச் செலவை இப்போது அரசு செய்யவில்லை, நம் குடும்பங்கள் செய்கின்றன. அவ்வளவுதான் வித்தியாசம்.

நாம் கேட்க வேண்டியவை

1. ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி என்பதைத் தமிழ்நாடு சட்டமாக்க வேண்டும். கவுன்சிலின் விதி பரிந்துரையாக மட்டும் இருந்தால் போதாது.

2. ஒவ்வொரு வார்டு வாசலிலும் இன்றைய நோயாளி எண்ணிக்கை, டூட்டியில் இருக்கும் செவிலியர் எண்ணிக்கை இரண்டையும் பலகையில் எழுத வேண்டும். பெயர் வேண்டாம், எண் போதும்.

3. தேர்வு எழுதி வந்த ஒப்பந்தச் செவிலியர் அனைவருக்கும் பணி நிரந்தரம். அதுவரை சம வேலைக்குச் சம ஊதியம், மகப்பேறு விடுப்பு.

4. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்தில் குறைந்தது 5 செவிலியர், இரவில் இருவர், ஒரு காவலாளி.

5. மருத்துவமனைத் தூய்மைப் பணியை ஒப்பந்த நிறுவனங்களிடம் இருந்து மீட்டு அரசுப் பணியாக்க வேண்டும்.

6. ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் சாதி, பாலின அவமதிப்புப் புகாரை விசாரிக்கும் குழு. அதில் பட்டியலினப் பெண்களும் வெளியாட்களும் இருக்க வேண்டும். பிரசவ அறையில் ஒரு உறவுக்காரப் பெண் உடனிருக்கலாம் என்ற விதியை எல்லா இடத்திலும் நடைமுறைப்படுத்த வேண்டும்.

இரண்டாவது கோரிக்கைக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் ஊர் ஜி.எச்.சுக்கு இன்றே மனுப் போடலாம். அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, அதில் ஒப்பந்தம் எத்தனை, கடந்த மாதம் இரவுப் பணியில் வார்டு வாரியாக எத்தனை பேர். நான்கே கேள்வி. பதிலை வாங்கித் தெருக்கூட்டத்தில் படியுங்கள். எம்.எல்.ஏ. வரும்போது கையில் கொடுங்கள்.

செவிலியர்கள் மறுபடியும் பந்தல் போட்டு உட்காரும் நாள் வரும். அன்று "நோயாளிகள் அவதி" என்று தொலைக்காட்சியில் ஓடும். நோயாளிகளின் அவதி அந்தப் பந்தலால் தொடங்கியதில்லை என்று சொல்ல வேண்டியவர்கள் நோயாளிகளாகிய நாம்தான். அன்று நம் நீலக்கொடியும் அங்கே இருக்கட்டும்.

ஜெய் பீம்.